இங்கே கதைக்கவும்

— ஆகவே, அன்பார்ந்த பார்வையாளர்களே, நெருப்பைக் கண்டெடுத்த ஆதிமனிதன் தொடக்கம் நிலவில் கால் பதித்த நவீன மனிதன் வரை, மானுடம் நடந்து வந்த பாதை முழுவதும் இந்த ஒரு கூரையின் கீழ் அடங்கியிருக்கிறது. இந்த வாசலைக் கடந்து உள்ளே செல்லும் எவரும், சென்றவராகவே திரும்பி வருவதில்லை.

— சேர், வாசல்ல ஆடு கட்டியிருக்குங்க.

— அது ஒண்டும் செய்யாது.

— முட்டுமா?

— புது ஆக்களெண்டால் முட்டும். நீங்கள் அந்தப் பக்கத்தால சுத்தி வாங்கோ. எத்தினை பேர்?

— மூணு பேருங்க. நானு, வீட்டுக்காரரு, மக நிலக்ஷனா. அவங்க ரெண்டு பேரும் பின்னால வாறாங்க. பெரகலயில இருந்து ஒரே வளைவா இருந்துச்சுல்ல, புள்ளைக்கு வேன்ல தல சுத்திருச்சு. அவரு மூஞ்சி கழுவி விடுறாரு.

— மூண்டு பேர். அப்ப பார்வையாளர்களே எண்டு நான் பன்மையில சொன்னது பிழையில்லை. சிலவேளை ஒருத்தர்தான் வருவார். அப்பவும் நான் அந்த உரையை மாத்திறேல்லை. உங்கட பேர்?

— றோசாலிங்க.

— நான் தர்மராசா. ஓய்வுபெற்ற அதிபர். இந்த விஞ்ஞான மாளிகையின்ர ஸ்தாபகர், பணிப்பாளர், வழிகாட்டி.

— ஆடும் உங்களோடதுங்களா?

— ஓம்.

— தெறப்பு விழாக் கல்லுல மந்திரி பேரு பெருசாப் போட்டிருக்கு சேர். கீழ விஞ்ஞானம்ங்கிற எடத்துல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு.

— மந்திரிக்கு நீளமான பேர். கல்லில இடம் காணேல்லை. ஆரோ ஒருத்தர் விட்டுக்குடுக்க வேணும், விஞ்ஞானம் விட்டுக்குடுத்தது. ஆர் சொல்லி இஞ்ச வந்தனீங்கள்?

— யாரும் சொல்லலீங்க. குவைத்துல இருக்கப்ப போன்ல பாத்தேன். பேஸ்புக்குல படம் போட்டிருந்தாங்க. சனம் நெருக்கிகிட்டு நின்னுச்சு. பேண்டு வாத்தியம், கொடி எல்லாம் இருந்துச்சு.

— அது திறப்பு விழாப் படம்.

— அதுக்குப் பொறகு எடுக்கலீங்களா?

— படம் எடுக்கிறதெண்டால் ரெண்டு பேர் வேணும். ஒராள் எடுக்க, ஒராள் நிக்க.

— எங்க வீட்டுக்காரரு எல்ல டவுன்ல டூரிஸ்ட் வேன் ஓட்டுறாரு. இவ்வளவு காலத்துல ஒரு வெள்ளக்காரனும் இந்த எடத்தக் கேட்டதில்ல, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சுன்னு வழியெல்லாம் கேட்டுகிட்டே வந்தாரு. நாந்தான் புடிவாதமா இருந்தேன். புள்ளகிட்ட போன்ல சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன் சேர். அம்மா வந்ததும் அங்க கூட்டிட்டுப் போறேன், சைக்கிள மிதிச்சா லைட்டு எரியும், கண்ணாடியில குண்டாத் தெரிவோம்னு. ஞாயித்துக்கெழம நான் திரும்பிப் போறேன். இன்னைக்காவது வரணும்னுதான்.

— நல்ல முடிவு. வாங்கோ. இதுதான் நீங்கள் சொன்ன சைக்கிள். மனித வலு மின்வலுவாக மாறும் மகத்தான கணம். ஏறி மிதியுங்கோ.

— மிதிக்கிறேன் சேர். லைட்டு எங்க?

— பல்பு குசினியில கிடக்கு. பின்னேரம் சமைக்கேக்க கண் தெரியுறேல்லை, அதுதான் கழட்டினனான். நீங்கள் மிதிக்கேக்க மின்சாரம் வாறது நிச்சயம். அதுக்குப் போறதுக்கு ஒரு இடம் இல்லை, அவ்வளவுதான்.

— நீங்க இங்கயேதான் இருக்கீங்களா?

— பின்னால ஒரு அறை. இது பழைய தேயிலைத் தொழிற்சாலை எண்டது தெரியும்தானே. துரை கணக்குப் பாத்த அறையில நான் படுக்கிறன். உங்கட பிள்ளை வந்திட்டுது போல. வா பிள்ளை, இஞ்ச பார், சூரியக் குடும்பம். எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாம். இஞ்ச தொடாதே எண்ட சொல்லே இல்லை. அது சனி. அந்த வளையம் நான் செய்தது.

— சொளகு மாதிரி இருக்குங்க.

— சுளகுதான். பழைய வளையத்தைக் குரங்கு கொண்டுபோயிட்டுது.

— அந்தக் கடைசியில சின்னதா இருக்கிறது? புள்ளயோட அப்பா கேக்குறாரு பாருங்க, புளூட்டோவ லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்களாமே. ஒரு வெள்ளக்காரன் வேன்ல சொன்னானாம்.

— வெளியில எடுத்திருப்பினம். நான் எடுக்கேல்லை. ஏற்கெனவே இஞ்ச ஆக்கள் குறைவு.

— எதுக்குச் சிரிக்கிறீங்க, றிச்சர்ட்? சேர், அவரு அப்படித்தான். ஏங்க, புள்ளய நீங்க கண்ணாடிகிட்ட கூட்டிட்டுப் போங்க, நான் வாறேன். பாப்பா, அங்க போய்ப் பாரு, நீ குண்டாத் தெரிவ. போயிட்டு வந்து அம்மாகிட்ட சொல்லு, என்ன?

— பிள்ளை நல்ல அமைதி. சரி, இது என்ர சொந்தத் தயாரிப்பு. கொழும்பிலயும் இல்லை. மண்சரிவின்ர மாதிரியுரு. இது மலை. இது லயம், வரிசையா ஒட்டின வீடுகள், தீப்பெட்டியில செய்தது, கூரைக்கு வெள்ளி நிறம் அடிச்சிருக்கிறன். இந்தக் குழாயைத் திறந்தால் மழை. தண்ணி ஊறி மண் இளகி, லயம் அப்பிடியே —

— வேணாம் சேர். தொறக்காதீங்க.

— பயப்பிடாதேங்கோ, தண்ணி வெளியில தெறிக்காது.

— எங்க ஊரு மீரியபெத்த சேர். மண்ணு மூடிப்போன லயம்.

— ஓ. அடுத்த பகுதிக்குப் போவம்.

— நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. கூரை அப்படியேதான் இருக்கு.

— அடுத்த பகுதி வினா விடைப் பலகை. கேள்வியில ஒரு கம்பியை வையுங்கோ, விடையில மற்றக் கம்பியை வையுங்கோ. சரியெண்டால் மணி அடிக்கும்.

— "உலகின் மிகப் பெரிய விலங்கு." இதுல வைக்கிறேன். "வெப்பமானி". ஐயோ, மாறி வச்சிட்டேன். ஆனா மணி அடிக்குதே சேர்.

— உள்ளுக்க எல்லாக் கம்பியும் ஒண்டோட ஒண்டு முட்டுது. மழைக்காலத்தில பூந்த ஈரம். திருத்த ஏலும். ஆனால் மணி அடிச்சால் வாற ஆக்களுக்குச் சந்தோசமாக் கிடக்கு. நானும் விட்டிட்டன்.

— நீங்களும் அடிச்சிப் பாப்பீங்களா?

— இடைக்கிட. உங்கட மகள் ஏன் உங்களிட்ட வராமல் தேப்பன்ர காற்சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது?

— அதான் சேர் என் கவலயே. நான் வந்ததுல இருந்து ஒரு வார்த்த பேசலீங்க.

— நல்ல வளர்ப்பு.

— என்னங்க?

— தாயை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. இந்தக் காலத்தில ஆர் அப்பிடி? என்ர மகள் துவாரகா கனடாவில இருந்து போன் எடுத்தால் பேச்சுத்தான். ஏன் அங்க தனியக் கிடக்கிறியள், அந்தப் பழைய இரும்புகளை ஆருக்கும் குடுத்துப்போட்டு வாங்கோ, அம்மா இஞ்ச உங்களை நினைச்சு நினைச்சு பிரஷர் ஏத்திறா எண்டு ஒரு மணித்தியாலம் பேசுவாள்.

— ஒரு மணித்தியாலம் பேசுறாங்களா? குடுத்து வச்சவரு சேர் நீங்க.

— பேச்சு வாங்கிறதில என்ன குடுத்து வச்சது?

— எனக்கு அதுல அஞ்சு நிமிசம் கெடச்சாப் போதும்.

— பொறுங்கோ. பொறுங்கோ பிள்ளை. நீங்கள் சொல்லுறது, மகள் உங்களோட கதைக்கிறேல்லை எண்டோ?

— வேற என்ன சேர் சொல்லிகிட்டிருக்கேன்? பேசல. வாயத் தொறக்கல.

— ஓ. எங்கட பக்கத்தில பேசுறது எண்டால் ஏசுறது.

— எங்களுக்கு ஏசுறதுன்னா ஏசுறது. பேசுறதுன்னா பேசுறதுதான்.

— அப்பிடியோ.

— ஆமாங்க. ஏன் சேர், செவுத்தப் பாத்துகிட்டு அப்படியே நின்னுட்டீங்க?

— அந்தப் பலகை தெரியுதோ? உங்கட கண் நல்லது, வாசியுங்கோ.

— வாசிக்க வேண்டியதில்லீங்க. "முப்பது ஆண்டுகள் ஒருநாளும் பேசாத பெருந்தகை அதிபர் தர்மராசா." உங்க பிரியாவிடைக்குக் குடுத்தது. நான் அங்கதான் நின்னேன்.

— எங்க நிண்டனீங்கள்?

— மேடைக்குக் கீழ, பூத்தட்டோட. நான் நம்ம ஸ்கூல்தான் சேர். அப்ப பத்தாம் வகுப்பு.

— நீங்கள் என்ர மாணவியோ? வந்த உடன ஏன் சொல்லேல்லை?

— நீங்க கேக்கலீங்க.

— பேரைக் கேட்டனான்தானே.

— பேரு சொன்னேன் சேர். உங்களுக்குத் தெரியல. அப்பவும் தெரியாதுதான், பரவாயில்லீங்க.

— அண்டைக்கு அந்தத் திரையை விலக்கேக்க, எல்லாரும் சிரிச்சவை.

— ஆமாங்க.

— நான் நினைச்சன், சந்தோசத்தில எண்டு. நானும் சிரிச்சுக்கொண்டு நிண்டனான்.

— சந்தோசமாத்தான் சேர் இருந்துச்சு எங்களுக்கும்.

— பிள்ளையளை ஏசாத அதிபர் எண்டு வரவேணும். அதுதான் கருத்து. பெரகலயில போட் எழுதிற ஸப்ரானுக்கு வாசகத்தைப் போனில சொல்லேக்க அவசரத்தில வாயில வந்தபடி சொல்லிப்போட்டன்.

— வாசகம் நீங்க சொல்லிக் குடுத்ததா? பெற்றார் சங்கம் மனசாரக் குடுத்ததுன்னுல்ல மேடையில சொன்னீங்க.

— அவை குடுத்தவைதான். என்ன குடுக்கிறது எண்டு நான் ஒரு ஆலோசனை சொன்னனான். வசனத்தையும் சேத்து.

— சங்கத் தலைவரு எங்க அப்பாதான் சேர், மரியநாயகம். ஸப்ரான் நானா பிரஷ்ஷ வச்சிகிட்டு அப்பாகிட்ட ரெண்டு தடவ வந்தாரு, அதிபர் இதத்தான் எழுதச் சொன்னாரா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்கன்னு. அப்பாதான், எழுதுப்பா, மனுசன் உண்மையத்தானே சொல்றாருன்னுட்டாரு.

— உண்மை எண்டு சொன்னவரோ?

— நீங்க யாரையும் ஏசுனதில்ல சேர். பிரம்பும் தூக்குனதில்ல. அது எங்களுக்குத் தெரியும். காலையில வருவீங்க, கதவச் சாத்துவீங்க. மணியடிச்சா கதவத் தொறந்து போவீங்க. நல்ல மனுசன்னுதான் லயத்துல எல்லாரும் சொல்லுவாங்க. பேசுனதில்ல, அவ்வளவுதான்.

— முப்பது வருசம் உங்கட ஆக்களுக்கு நடுவில இருந்திருக்கிறன். இந்த ஒரு சொல்லு எனக்குத் தெரியாமல் போச்சு.

— பேசியிருந்தாத் தெரிஞ்சிருக்கும் சேர்.

— உந்தப் பலகையைக் கழட்டத்தான் வேணும்.

— இருக்கட்டும் சேர். கழட்டினா செவுத்துல ஓட்ட தெரியும்.

— நீங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கோ. போனிலயும் கதைக்கிறேல்லையோ?

— போன்லன்னா வாய் ஓயாதுங்க. பூனை குட்டி போட்டது, அத்தை அதுக்குச் சோத்த வச்சிட்டு வெரட்டுனது, மழ பேஞ்சது எல்லாம் சொல்லும். அம்மா அம்மான்னு உசிர விடும். நான் போறப்ப அது நடக்கத்தான் பழகிகிட்டு இருந்துச்சு. அங்க மேடம் வீட்டுல வீடியோ போட விடமாட்டாங்க. கேமராவ ஆன் பண்ணக் கூடாது. கொரல் மட்டும்தான். எல்லாரும் படுத்ததுக்குப் பொறகு குளியலறையில நின்னு குசுகுசுன்னு பேசுவேன்.

— இப்ப நேரில வந்த பிறகு?

— அம்மா பாருன்னு அவரு சொன்னா தலைய ஆட்டுது. நான் ஏதாவது கேட்டா என் வாயையே பாக்குது. மத்த நேரமெல்லாம் அவரோட போன வச்சிகிட்டு ஒரு மூலையில ஒக்காந்திருக்கு. கேம் வெளயாடுதாக்கும்னு பாத்தா, அதுவும் இல்ல. சும்மா மடியில வச்சிகிட்டு இருக்கு. இப்பக்கூட, மணிப் பலகைக்கு வாற வழியில, அந்தக் கண்ணாடியில என் பக்கத்துல வந்து நின்னுச்சு சேர். ரெண்டு பேரும் குண்டாத் தெரிஞ்சோம். சிரிச்சுச்சு. நான் குனிஞ்சு பாத்ததும் வெலகிப் போயிருச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அம்மான்னு கூப்புட்டாப் போதும். வேற ஒண்ணும் கேக்கல.

— இதை நீங்கள் வாசல்ல ஆட்டடியிலயே சொல்லியிருக்கலாம். உதுக்கு என்னட்ட ஒரு உபகரணம் கிடக்கு. இந்த மாளிகையில உண்மையா வேலை செய்யிறது அது ஒண்டுதான். மேல வாங்கோ. படி கவனம்.

— இது கொழுந்து வாட்டுற மாடி. சின்னப் புள்ளயில அம்மாவுக்குச் சோறு கொண்டுகிட்டு வந்திருக்கேன், இந்த மாதிரி மாடிக்கு.

— அந்த நீளத்துக்காகத்தான் நான் இந்தக் கட்டடத்தைக் கேட்டு வாங்கினனான். அங்க பாருங்கோ, அந்தக் கடைசித் தொங்கலில ஒரு பெரிய கிண்ணம். இஞ்ச ஒண்டு. ஒலியலைகள் பரவளைவு மேற்பரப்பில் தெறித்து —

— தட்டு மாதிரி இருக்கு சேர். டிவிக்கு வைக்கிறது.

— அதேதான். இதுக்குள்ள மெதுவாச் சொன்னால், அங்க இருக்கிற ஆளுக்குக் காதுக்குள்ள சொன்ன மாதிரிக் கேக்கும். நடுவில நிக்கிற எனக்குக் கேக்காது. கம்பி இல்லை, கரண்ட் இல்லை. பழுதாகிறதுக்கு இதில ஒண்டுமே இல்லை.

— "இங்கே கதைக்கவும்." நீங்க எழுதுனதா?

— ஓம். இது நான் கையால எழுதினது. ஆருக்கும் போனில சொல்லேல்லை.

— யாரும் வராத நாள்ல இத எப்படிச் சோதிச்சுப் பாப்பீங்க?

— இஞ்ச ஒரு வசனம் சொல்லுவன். உடன அந்தத் தொங்கலுக்கு ஓடிப்போய்க் காதை வைப்பன்.

— கேக்குமா?

— ஒலி என்னை விடக் கெதி. நான் போகேக்க அது வந்திட்டுப் போயிடும். இப்ப முழங்கால் நோ, ஓடுறதும் இல்லை.

— என்ன சொல்லுவீங்க?

— அலோ எண்டு. வேற என்னத்தைச் சொல்லுறது? தம்பி றிச்சர்ட், பிள்ளையை அந்தக் கிண்ணத்துக்கு முன்னால இருக்கிற கதிரையில இருத்துங்கோ. கிண்ணத்தைப் பாத்தபடி. இல்லை, எங்களைப் பாத்தில்லை. மற்றப் பக்கம்.

— அவ என்னைய பாக்க வேணாமா சேர்?

— முகத்தைப் பாத்தால் வேலை செய்யாது. ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்க வேணும். அதுதான் இதின்ர விதி. நீங்களும் திரும்பி இருங்கோ. இன்னும் கிட்ட. மெதுவா, குசுகுசுத்தால் போதும். நான் கீழ போய் ஆட்டைப் பாக்கிறன்.

— சேர், என்ன பேசுறது?

— என்னட்டயோ கேக்கிறியள்? பலகையை வாசிச்சனீங்கள்தானே.

— பாப்பா.

— அலோ?

— அலோ. நிலக்ஷனாவா?

— அம்மா.

— அம்மாதான் தங்கம். சொல்லு.

— ஏம்மா இத்தன நாளா எடுக்கல?

— லைன் கெடைக்கலடா.

— நான் அப்பா போன வச்சிகிட்டே இருந்தேன். அடிக்கவே இல்ல.

— தெரியும் தங்கம். பாத்தேன்.

— எப்படிப் பாத்தீங்க?

— நெனச்சேன்னு சொல்ல வந்தேன். சாப்பிட்டியா?

— ம். அம்மா, நாங்க விஞ்ஞான மாளிகைக்கு வந்திருக்கோம். நீங்க சொன்னீங்கள்ல, அது. இங்க ஆடு இருக்கு. சைக்கிள் இருக்கு, லைட்டு எரியல. கண்ணாடியில நான் குண்டாத் தெரிஞ்சேன்.

— அப்படியா? நல்லா இருந்துச்சா?

— ம். நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. அப்பாதான் கூட்டிட்டு வந்தாரு.

— அழாத தங்கம்.

— நான் அழல. நீங்கதான் அழறீங்க. அம்மா, ஒரு ரகசியம் சொல்லவா? அப்பாகிட்ட சொல்லக் கூடாது.

— சொல்ல மாட்டேன். சொல்லு.

— வீட்டுக்கு ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க. என் கட்டில்ல படுத்துக்கிறாங்க. அவங்க எப்ப போவாங்க?

— ஞாயித்துக்கெழம போயிருவாங்க.